வெள்ளச்சிக்கு வாங்கிய துப்பாக்கி

நம் பெஞ்சுக் கூட்டத்தாருக்கு,

நேற்று நம் குடியிருப்பு வாட்சப் குழுவில் வந்த கேள்வியைப் பார்த்திருப்பீர்கள். பின்புறக் காலி மனையில் குதிரையேற்றம் கற்றுத் தருகிற பிள்ளை கேட்டிருந்தான். லாயத்தில் புறாத் தொல்லை தாங்கவில்லை, தீவனத்தில் எச்சமிடுகின்றன, குதிரைகளுக்குப் பக்கத்தில் வைத்துச் சுட எந்த ஏர் கன் நல்லது, தெரிந்தவர்கள் சொல்லவும் என்று. ஒரு மணி நேரத்தில் பதினேழு பேர் பதில் போட்டுவிட்டார்கள். கேளம்பாக்கத்தில் இத்தனை வேட்டைக்காரர்கள் குடியிருப்பது எனக்கு இதுவரை தெரியாது. நான் பதில் போடவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் தெரிந்ததை இரண்டு வரியில் சொல்ல முடியாது. முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு சாயங்காலம் என்னோடு உட்காருகிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா குதிரைக்காரர். இதை நான் உங்கள் யாரிடமும் சொன்னதில்லை. "தனியார்ல வேலை பாத்தாரு" என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஊரப்பாக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் மண்பாதையில் ஒரு லாயம் இருந்தது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகள் நான்கு. கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமா படப்பிடிப்புக்கும் வாடகைக்குப் போகும். முதலாளி பட்டணத்தில் இருந்தார், ஞாயிற்றுக்கிழமை காரில் வருவார். லாயத்தை ஒட்டிய ஓட்டு வீட்டில் நாங்கள் இருந்தோம். எனக்கு அப்போது பதினோரு வயது. கொள்ளு வேகிற வாசனையில்தான் விழிப்பேன், அந்த வாசனையோடுதான் பள்ளிக்கூடம் போவேன். பக்கத்தில் உட்காருகிற பெண் மூக்கைச் சுளிப்பாள். எனக்கு ஏன் என்று புரியாது.

நான்கில் வெள்ளைக் குதிரை ஒன்றுதான். அப்பா அதை வெள்ளச்சி என்று கூப்பிடுவார். மாப்பிள்ளைகளுக்கு வெள்ளைக் குதிரைதான் வேண்டும் என்பதால் முதலாளிக்கும் அவள் மேல்தான் பிரியம். பிரியம் என்றால் அவர் அளவுக்கு.

அந்த வருஷம் கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில், குரோம்பேட்டைப் பக்கம் ஒரு ஊர்வலம். ஜரிகை வைத்த அலங்காரச் சேணம் அவளுக்குச் சரியாகப் பொருந்தாது. மாப்பிள்ளையும் நல்ல கனம். மூன்று மணி நேரம் அவரைச் சுமந்துவிட்டு வந்தபோது அவள் முதுகில் என் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழன்றிருந்தது. அப்பா சேணத்தைக் கழற்றினார். புண்ணைச் சுற்றி விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

தாம்பரத்திலிருந்து ஸ்கூட்டரில் மாட்டு டாக்டர் வந்தார். ஊசி போட்டார், ஊதா மருந்து தடவினார். "மூடி வைக்காத. காத்தாடணும், வெயில் படணும். மூடினா அழுகிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அதை மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டார்.

காற்றும் வெயிலும் வந்தன. கூடவே காக்கையும் வந்தது.

முதலில் ஒன்றுதான். வெள்ளச்சி முதுகில் வந்து உட்காரும், ஈயைத்தான் பிடிக்கிறது என்று நினைத்தோம். பிறகு மூன்று, நான்கு. புண் பொருக்குத் தட்ட ஆரம்பிக்கும், காலையில் பார்த்தால் பொருக்கைக் காணோம், சிவப்பாகச் சதை தெரியும். அவள் தோலைச் சிலிர்ப்பாள், வாலை வீசுவாள். வால் அந்த இடத்துக்கு எட்டாது. கழுத்தைத் திருப்பிக் கடிக்கப் பார்ப்பாள், அதுவும் எட்டாது. மெல்லிய துணி போட்டுப் பார்த்தோம். தூணில் உரசிக் கிழித்தாள், புண் இன்னும் பெரிசானது. லாயத்துக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நான்கு பக்கமும் திறப்பு. காக்கைக்குச் சொந்த வீடு மாதிரி.

இதில் எங்கள் வீட்டுப் பங்கும் உண்டு. அந்த ஆடியில்தான் என் தாத்தா, அப்பாவைப் பெற்றவர், போயிருந்தார். அவரும் அதே லாயத்தில் குதிரைக்காரர். வருஷம் திரும்பும்வரை அம்மா தினமும் உலை இறக்கியதும் முதல் பிடியைக் காக்கைக்கு வைப்பாள். மதில் மேல் வைத்து "கா கா" என்று அவள் குரல் கொடுத்தால் ஊரப்பாக்கம் ஏரிக்கரைவரை கேட்கும். நான்தான் ஒருநாள் சொன்னேன்.

"நீதாம்மா கூப்புடுற. சோறு துன்னுட்டு நேரா வெள்ளச்சிகிட்ட வருதுங்க."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். "எங்கப்பனுக்குச் சோறு வெக்காதன்னு நான் எப்படி சொல்றது?" என்றார். கடைசியில் சோறு வைக்கும் இடத்தைக் கிணற்றடிக்கு மாற்றினார்கள். காக்கைகள் அங்கே சாப்பிட்டுவிட்டு, தொட்டுக்கொள்ள இங்கே வந்தன.

மார்கழி பிறந்தது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, குதிரைகளுக்கு ஓய்வு. முதலாளி ஞாயிற்றுக்கிழமை வந்து வெள்ளச்சியைச் சுற்றிப் பார்த்தார்.

"லுக், தை மொத முகூர்த்தம் புக் ஆயிடுச்சு. அதுக்குள்ள சேணம் போடற மாதிரி முதுகு ஆகலன்னா லாரிய வரச் சொல்லிடுவேன். உக்கார வச்சுச் சோறு போட நான் சத்திரம் நடத்தல."

லாரி எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. போன வருஷம் கால் உடைந்த ஒரு பழுப்புக் குதிரை அந்த லாரியில்தான் போனது. அப்போது அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அரைப் பரீட்சை லீவு விட்டதும் என்னைக் காவலுக்கு வைத்தார்கள். கையில் மூங்கில் குச்சி, காலடியில் கல் குவியல். காலை முதல் வெயில் தாழும்வரை அவள் பக்கத்திலேயே நிற்பேன். ஒன்றை விரட்டினால் இன்னொன்று பின்னால் இறங்கும். ஒண்ணுக்குப் போய்விட்டு வருவதற்குள் இரண்டு கொத்து கொத்தியிருக்கும். நான் அழுதுகொண்டே கல் எறிவேன். ஒருமுறை கல் அவள் மேலேயே பட்டது. அவள் அசையாமல் நின்றாள்.

அடுத்த வீட்டில் டீச்சர் குடும்பம் இருந்தது, கத்தோலிக்கர்கள். டீச்சரின் வீட்டுக்காரரை நான் அங்கிள் என்பேன். ஏதோ ஆபீசில் கிளார்க். காலேஜில் என்.சி.சி.யில் இருந்தபோது துப்பாக்கி சுட்டு மெடல் வாங்கியதை வாரம் ஒருமுறையாவது சொல்லுவார். கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்ட ஏணி கேட்டு வந்தவர் என் அழுகையைப் பார்த்து நின்றார்.

"கல்லால ஆகாது பாப்பா. ஒண்ணச் சுட்டு அது காலக் கட்டித் தொங்க விடணும். அப்புறம் ஒரு காக்கா இந்தப் பக்கம் வராது. ஒரு ஏர் கன் போதும்."

அப்பா காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "சார், தலை வருசம் சார். எங்கப்பன் போய் ஆறு மாசம்கூட ஆவல. காக்காவச் சுட்டா நான் மனுசனா?"

"நீங்க சுட வேணாம்பா. நான் சுடறேன். எங்கப்பா காக்காவா வர மாட்டாரு, கல்லறையில நிம்மதியாப் படுத்திருக்காரு."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மார்கழியில் அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான். இரண்டு நாள் யோசித்தார். லாயத்தில் துப்பாக்கி வைத்தது தெரிந்தால் முதலாளி வேலையை விட்டே அனுப்பிவிடுவார், அந்தப் பயமும் இருந்தது. மூன்றாம் நாள் காலை புண்ணில் புழு வைத்திருந்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அங்கிள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

பாசஞ்சர் ரயிலில் ஏறித் தாம்பரத்தில் மாறி, மவுண்ட் ரோட்டில் ஒரு துப்பாக்கிக் கடைக்கு மூவரும் போனோம். என்னை ஏன் அழைத்துப் போனார்கள் என்று தெரியவில்லை. அடம் பிடித்திருப்பேன். மர அலமாரி, கண்ணாடிக் கதவு, உள்ளே எண்ணெய் மின்னும் துப்பாக்கிகள். தையல் மிஷின் எண்ணெய் வாசனை. ரயிலில் வரும்போது அப்பா ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். "காக்காவுக்கு வோணும், பக்கத்துல குதிர கீது, அதுக்குத் தக்கின மாதிரி குடுங்கன்னு கேக்கணும். சரிதான சார்?" அங்கிள் தலையாட்டினார்.

நாங்கள் நுழைந்தபோது கடைக்காரர் டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தார். வயதானவர், நெற்றி நிறைய விபூதி. எங்களைக் கையமர்த்திவிட்டு, தயிர்சாதத்தில் ஒரு பிடி எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்து, "கா, கா" என்றார். காத்துக்கொண்டிருந்தது போல ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அது கொத்துகிறவரை கை கூப்பி நின்றுவிட்டுத் திரும்பினார்.

"சொல்லுங்க. எதுக்கு வேணும்?"

அப்பா என் கையை இறுக்கினார். எனக்கு வலித்தது.

"பெருச்சாளி சார்" என்றார்.

அங்கிள் திரும்பிப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டார்.

கடைக்காரர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மூன்று துப்பாக்கிகளை எடுத்து வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் பொறுமையாகச் சொன்னார். முதலாவது சின்னது, இளைத்தது. "இதோட ஸ்ப்ரிங் மெத்துன்னு இருக்கும். சத்தமும் கம்மி. பறவை, அணில், அதுவும் கிட்டத்துல. பட்ட எடத்துலயே நின்னுடும், தாண்டாது. பெருச்சாளிக்கு இது கொசு கடிச்ச மாதிரி." இரண்டாவதைப் பற்றி ஏதோ சொல்லித் தள்ளி வைத்தார். மூன்றாவதை இரண்டு கையாலும் தூக்கினார். "உங்களுக்கு இதுதான். குழல மடக்கறதுக்கே பலம் வேணும். பெருச்சாளி மண்டைல பட்டா அந்தப் பக்கமா வெளிய வந்துடும். பக்கத்துல ஆடு மாடு எதாவது கட்டியிருக்கீங்களா?"

குதிரை என்றால் எந்த லாயம் என்று கேட்பார். முதலாளி வேட்டைக்குப் போகிறவர், இங்கேயே துப்பாக்கி வாங்குகிறவராக இருக்கலாம். அப்பாவின் தலைக்குள் அது ஓடியதை இப்போது என்னால் பார்க்க முடிகிறது. 

"இல்ல சார்."

"அப்ப பயமில்ல. கட்டியிருந்தா நான் இதத் தரவே மாட்டேன்."

அந்த மனிதர் சரியாகத்தான் கேட்டார், சரியாகத்தான் சொன்னார். எங்களுக்கு வேண்டியது முதலாவது. மேஜை மேல்தான் கிடந்தது. நான்கூட அதைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அங்கிளாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் மூன்றாவதைத் தோளில் வைத்து ஒற்றைக் கண்ணை மூடிச் சுவரில் குறி பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் மெடல் வாங்கிய களை. சின்னதைக் காட்டி என்னிடம், "இது பொம்மை பாப்பா" என்றார்.

துப்பாக்கியைக் கோணியில் சுற்றி, விளக்குமாறு வாங்கி வருவது போல் கொண்டுவந்தோம். தகர டப்பாவில் ஈயக் குண்டுகள். ரயில் குலுங்கும்போது டப்பா என் மடியில் கலகலத்தது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அங்கிள் புதுச் சட்டையோடு வந்து, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். வெள்ளச்சியை அப்புறப்படுத்தினால் காக்கை வராது. அதனால் தீவனத் தொட்டிக்கு அந்தப் பக்கம் அவளைக் கட்டினார்கள். காக்கை அவள் மேல் உட்கார்ந்திருக்கும்போது சுடக் கூடாது, தொட்டி விளிம்புக்கு வந்தால்தான் சுட வேண்டும் என்று அப்பா மூன்றுமுறை சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

காக்கை முதுகில் இறங்கியது. கொத்தியது. அங்கிள் பொறுத்தார். தொட்டியில் கொள்ளு இருந்தது, காக்கை தத்தி விளிம்புக்கு வந்தது. அதே கொள்ளுக்காக வெள்ளச்சியும் தலையைத் தாழ்த்தினாள். கூரைக்குள் வெடிச் சத்தம். காக்கை சுருண்டு விழுந்தது. வெள்ளச்சி பின்னங்காலில் எழுந்து, கயிற்றை இழுத்துக்கொண்டு நடுங்கி நின்றாள்.

கண்ணுக்குக் கீழே, தாடையின் தடித்த சதையில், கடலைப் பருப்பு அளவு ஓர் ஓட்டை. அதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம். அவ்வளவுதான். அப்பா அவள் கண்ணைத் திறந்து திறந்து பார்த்தார். கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அப்படியே சாணியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "கண்ணு தப்பிச்சுது சார். கண்ணு தப்பிச்சுது" என்று சிரிக்கவும் அழவும் செய்தார். அங்கிள் துப்பாக்கியைக் கோணிக்குள் திணித்தார். மெடல் கதையை அதற்குப் பிறகு அவர் சொல்லவே இல்லை.

மறுநாள் டாக்டர் முதுகைப் பார்க்க வந்தார். தாடையில் இருந்த ஓட்டை அவர் பார்வையில் பட்டுவிட்டது.

"இது என்னப்பா புதுசா?"

"காக்கா கொத்திடுச்சு டாக்டர்."

டாக்டர் முதலாளிக்கு வேண்டியவர். குண்டு என்றால் துப்பாக்கி எங்கே என்பார், ஞாயிற்றுக்கிழமை முதலாளிக்குத் தெரிந்துவிடும். அப்பா அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நீதானே காவலு? தூங்கிட்டியா?" என்றார் டாக்டர்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே என் தலையில் குட்டிவிட்டு, ஓட்டையின் மேல் ஊதா மருந்தைத் தடவினார். மேலாகக் கொத்திய காயத்துக்கு அது போதும்.

அங்கிள் சொன்ன வைத்தியம் பலித்தது, அதையும் சொல்ல வேண்டும். செத்த காக்கையைக் கூரை விட்டத்தில் தொங்கவிட்டோம். ஒரு நாள் முழுக்க நூறு காக்கைகள் கூடிக் கத்தித் தீர்த்தன. அம்மா காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அதற்கப்புறம் ஒன்றுகூட வரவில்லை. புண் உலர்ந்தது, பொருக்குக் கட்டியது, ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் மூடியது. முதலாளி வந்து பார்த்து அப்பாவின் தோளில் தட்டினார். "சபாஷ். தை மொத முகூர்த்தம் இவதான்." தாடையில் இருந்த ஊதாப் பொட்டை அவர் கவனிக்கவே இல்லை. ஓட்டையும் மூடியிருந்தது.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது வெள்ளச்சி கொள்ளை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் நின்றாள். மறுநாள் வாய் திறக்கவில்லை. காது இரண்டும் விறைத்து நின்றன, வால் தூக்கியபடியே இருந்தது, நான்கு காலும் மரக்கட்டை மாதிரி. ஒரு வாளி உருண்டாலும் உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. டாக்டர் ஊருக்குப் போயிருந்தார், போகியன்றுதான் திரும்புவார் என்றார்கள். அப்பா அவர் வீட்டுக்கு மூன்றுமுறை நடந்தார். லாயத்தைச் சுற்றிக் கோணி கட்டி இருட்டாக்கினோம். நாங்கள் செருப்பில்லாமல் நடந்தோம், சைகையில் பேசினோம்.

அப்புறம் போகி வந்தது.

விடியும் முன்பே தெருவில் குப்பை கொளுத்தி, பிள்ளைகள் போகி மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள். போன வருஷம் நானும் அடித்தவள்தான். ஒவ்வொரு அடிக்கும் வெள்ளச்சி உடம்பு வில்லாக வளைந்தது. மூக்கு விரிந்தது, பல் கடிக்கும் சத்தம் கேட்டது. அப்பா லுங்கியை மடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். பின்னாலேயே நான் ஓடினேன். புகைக்குள் ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "அடிக்காதீங்க கண்ணுங்களா, உங்க கால்ல வுழறேன். எங்க பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல." ஒரு தெருவில் நிறுத்தினால் அடுத்த தெருவில் கேட்டது. ஊரப்பாக்கம் முழுக்க ஒரே மேளம். யாரோ குடிகாரன் என்று சிரித்தார்கள். அப்பா ஒரு பையனின் மேளத்தைப் பிடுங்கிக் கிழித்துவிட்டார், அவன் அப்பன் வந்து அப்பாவைக் கன்னத்தில் அறைந்தான். அறை வாங்கிக்கொண்டு அவனையும் கும்பிட்டார்.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். பார்த்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். "ரண ஜன்னி, டெட்டனஸ்" என்றார். "முதுகுப் புண் ஆறிடுச்சே. எது வழியா ஏறுச்சு?"

 வெள்ளச்சி மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"டாக்டர், அது காக்கா இல்ல. துப்பாக்கிக் குண்டு" என்றேன்.

அவர் தாடையைத் தடவினார். அழுத்தினார். உள்ளே கெட்டியாக எதுவோ விரலில் பட்டிருக்க வேண்டும். அப்பாவைத் திட்டவில்லை. "என்னிக்கு?" என்றார். நான் சொன்னேன். விரல்விட்டு எண்ணினார்.

"மொதல்ல போட்ட ஊசி அதுக்குள்ள பலம் போயிருக்கும். ஆழமா எறங்கினதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, அத எடுத்துட்டு இன்னொரு ஊசி போட்டிருப்பேன். ஓடியாடிகிட்டு இருந்திருக்கும்."

பொங்கலன்று மத்தியானம் அவள் விழுந்தாள். முதுகில் புதுத் தோல் ஒரு கீறல் இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. லாரி வரத்தான் செய்தது.

அப்பா அதன் பிறகு எந்தக் குதிரையின் பக்கமும் போகவில்லை. அஸ்தினாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாட்ச்மேனாகப் போனார், அப்படியே முடிந்தார். அதைப் பற்றி அவரும் நானும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இத்தனை வருஷமாக எனக்கு நானே ஒன்று சொல்லி வந்திருக்கிறேன். பதினோரு வயதுக் குழந்தை, அப்பாவுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை என்று. அது பொய். அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை, நான் சொல்லியிருந்தால் அன்றும் அடித்திருக்க மாட்டார். எனக்குப் பயமே இல்லை. டாக்டருக்கு முன்னால் அவர் என்னைப் பார்த்தாரே, பெரிய மனுஷியிடம் ஒன்றை ஒப்படைப்பது போல, அப்படி அவர் அதற்கு முன்னால் என்னைப் பார்த்ததே இல்லை. அதற்கப்புறம் தினமும் கொள்ளு வைக்கிறபோது அந்த ஊதாப் பொட்டை இருவரும் பார்ப்போம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம், ஒன்றும் பேச மாட்டோம். அது எனக்குப் பிடித்திருந்தது. அவள் உடம்பில் விஷம் ஏறிக்கொண்டிருந்த அந்த இரண்டு வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.